மவேரி தன் மதினிக்கு ஊற்றிய குவளை

உலகத்தில் இதுவரை தண்ணீர் கொதிக்க வைத்த அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தினால் முதல் ஆள் மவேரிதான். இந்தப் பசிபிக் கடலையே தூக்கிக் கையில் கொடுத்தாலும் கெட்டிலில் ஊற்றி, தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடி போட்டு ஆறவைத்து, "ம், இப்பக் குடுக்கலாம்" என்பாள். உள்ளே திமிங்கிலங்கள் வெந்து போயிருக்கும். அது அவள் கவலை இல்லை.

பிறவியிலேயே இப்படி இல்லை. ஒரு காலத்தில் அவளும் எல்லோரையும் போல வாளியில் வாய் வைத்துக் குடித்தவள்தான். பிள்ளை யோதேபாவுக்கு நாலு மாதம் ஆனபோது, கணவனின் அக்கா தெகேயாவிடம் அவனை விட்டுவிட்டு ரோட்டோரம் மீன் விற்கப் போனாள். எங்கள் தராவாத் தீவில் அன்றைக்கு நல்ல வெயில். பிள்ளை அழுதது. தெகேயா பன்றித் தொழுவத்துக்குப் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் மொண்டு, தென்னம் பதநீர்ப் பாகைக் கலந்து, கரண்டி கரண்டியாகப் புகட்டினாள்.

"நம்ம தீவுல எல்லாப் பிள்ளையும் பாகுத் தண்ணில வளந்ததுதான்டி. தொண்டை வறண்டு கிடக்கு, உனக்கு மனசே இல்லையா?" என்று, மீன் விற்றுத் திரும்பி வந்த மவேரியையே அதட்டவும் செய்தாள்.

அப்புறம் பிள்ளைக்கு வயிற்றால் போனது, நிற்கவே இல்லை. உச்சிக்குழி உள்வாங்கியது. அழுதால் கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மருந்து ஏற்றிக்கொண்டே நர்ஸ் சொன்னாள்: "ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான்மா. குடிக்கிற தண்ணியும் அதுக்குள்ளயே இருக்கு. வெயில் அடிச்சா இன்னொரு தடவை பால் குடு, அவ்வளவுதான்."

பிள்ளை பிழைத்தது. அதோடு மவேரி விட்டிருப்பாளோ என்னவோ. ஆனால் தெகேயா ஊர்க்கூடத்தில் உட்கார்ந்து, "அவ பாலு வெறும் தண்ணி. அதான் பிள்ளைக்கு ஒட்டல" என்று சொல்லிவிட்டாள். பெற்றவளின் பாலையே பழித்துவிட்டாள். அன்றிலிருந்து மவேரி அந்த வஞ்சத்தை விருந்துக்கு வளர்க்கும் பன்றி மாதிரி தீனி போட்டு வளர்த்தாள்.

யோதேபா கோழி துரத்துகிற வயதுக்கு வந்தபோது தெகேயாவின் மகள் ரூத்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊர்க்கூடத்தில் விருந்து. தெகேயா பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் பாகுத் தண்ணியும் கரண்டியுமாக உட்கார்ந்திருந்தாள். கரண்டி பிள்ளையின் வாயை நோக்கிப் போகும் நேரத்தில் மவேரி எழுந்து நின்றாள்.

"மதினி, உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன்."

கூடமே திரும்பிப் பார்த்தது. எங்கள் பக்கம் சொந்தக்காரர் இப்படி எழுந்து கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. சைக்கிள் போயிருக்கிறது, படகு போயிருக்கிறது, ஒரு மாப்பிள்ளைக்குப் போட்டிருந்த சட்டையே போயிருக்கிறது. தெகேயா தன் காதுக் கம்மலைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி வேணும்?"

"ஒண்ணும் வேணாம். இதைக் குடி, போதும்." ஒரு குவளையை நீட்டினாள். "உன் கிணத்துத் தண்ணிதான். காலையில மொண்டேன்."

"ஐயோ, கருப்பா என்னமோ மிதக்குதே!"

"பாகு போட்டிருக்கேன், ருசி தெரியாது. நாலு மாசப் பிள்ளை குடிச்ச தண்ணி மதினி. உன் உடம்புக்கு இது எந்த மூலைக்கு?"

கூடமே சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், "குடி தெகேயா! சாப்பாடு ஆறுது!" என்று கத்தினார்.

குடித்தாள். ஒவ்வொரு மடக்கும் தொண்டையில் இறங்குவதை மவேரி கண்ணை எடுக்காமல் பார்த்தாள். குவளை காலியானதும் மறுபடி ஊற்றினாள். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்த ரூத்தா, பிள்ளையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "அம்மா, இனிமே இவ வாய்கிட்ட கரண்டியைக் கொண்டாராத."

மறுநாள் பூராவும் தெகேயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கும் கடற்கரைக்குமாக ஓடினாள். ஊரே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

பழி அதோடும் முடியவில்லை. பேத்திக்கு ஆறு மாதம் முடிந்து, மசித்த பூசணியும் மீனும் ஊட்டத் தொடங்கியதும், கூடவே கொதித்து ஆறிய தண்ணீரைக் கழுவிய சின்னக் கிண்ணத்தில் இரண்டு மூன்று வாய் கொடுக்கலாம் என்றாள் நர்ஸ். ரூத்தா மவேரியின் கெட்டிலைத் தவிர எதையும் நம்பவில்லை. அதனால் தெகேயாதான் தினமும் பாத்திரத்தோடு வந்து நிற்க வேண்டும்.

"ஆயிடுச்சாடி?"

"இப்பத்தான் கொதிச்சிருக்கு. மூடியைத் தொறக்காத மதினி, கையை உள்ள விடாத. ஆறட்டும். நில்லு."

தண்ணீர் ஆறிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்க வைப்பாள்.

இதுவரை எழுதியதை நான் மவேரியிடம் படித்துக் காட்டியபோது அவள் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"கொதிக்க வைக்காத தண்ணியக் குடுத்தேன்னு நெனச்சியா?" என்றாள்.

"பின்ன என்ன சித்தி? கிணத்துத் தண்ணின்னு நீங்கதான சொன்னீங்க?"

"கிணத்துத் தண்ணிதான். நல்லாக் கொதிச்ச தண்ணி. மிதந்தது அடுப்புக் கரி."

"அப்ப அவங்க ஏன் ஓடுனாங்க?"

"பயம்டா. வேற என்ன? நெசமாவே அவளுக்கு நோவு வந்தா, அந்தக் கையாலதான பேத்தியத் தூக்குவா? அது எனக்கு வேணுமா?" கத்தியால் என் பேப்பரைத் தட்டினாள். "ஆனா இதை எழுதி வச்சிராத. அவ இன்னும் கொஞ்ச வருசம் பயந்துக்கிட்டே கிடக்கட்டும்."