குப்பையில் போட்ட இருமல்

மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எதிரே கணவரும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். காட்டுச் சத்தங்களைப் பதிவு செய்து வந்து, கணினியில் நீட்டியும் குழைத்தும் கண்காட்சிக் கூடங்களுக்கு ஒலிக்கோவை அமைப்பது அவள் தொழில். நாளை புதுக் கண்காட்சி திறப்பு. வேலை பாதியில் நிற்க, மடிக்கணினியும் கூடவே வந்திருந்தது.

அவளுக்கு மைக் பிடிப்பவர் கணவர்தான். தவளை வாய் திறக்கும் நேரம் பார்த்துத்தான் அந்தப் பாழாய்ப்போன இருமல் அவருக்கு வரும். "ரெண்டு நிமிஷம் அடக்கிக்க முடியாதா உங்களால?" என்று எரிந்து விழுவாள். வீடு திரும்பியதும் இருமலையெல்லாம் வெட்டி எடுப்பாள். எதையும் அழித்துப் பழக்கமில்லை. தேதி போட்டு, 'குப்பை' என்ற ஃபோல்டரில் தள்ளிவிடுவாள்.

"எத்தனை நாளா இருமல்?" என்று கேட்டார் மருத்துவர்.

"ஒரு பதினஞ்சு நாளா," என்றார் கணவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் மடிக்கணினியை விரித்தாள். குப்பையைத் திறந்தாள். முதல் இருமலின் தேதி மூன்று வருஷத்துக்கு முந்தையது. கீழே இழுக்க இழுக்கப் பட்டியல் முடியவே இல்லை.

"இவர் பொய் சொல்றார், டாக்டர்," என்றாள். "எல்லாத்தையும் நான்தான் வெட்டி வெச்சிருக்கேன்."