பாதி மீசையும் கப்பல் பியரும்

எழுபதாம் ஆண்டுத் தேர்தலில் தோற்கிறவன் பாதி மீசையை மழிக்க வேண்டும் என்று, கிரேன் ஓட்டும் பியசேனவோடு பந்தயம் கட்டினேன். என் கட்சி தோற்றது. மறுநாள் பாதி மீசையோடு திருகோணமலைத் துறைமுகத்தில் வேலைக்கு இறங்கினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மத்தியானம் பியசேன வந்தான். அவன் முகத்திலும் பாதி மீசைதான்!

“பந்தயத்தில நீ வெண்டனியெல்லோ மச்சான், உனக்கென்ன விசரா?”

“தனிய உன்னைப் பாத்துச் சிரிக்கிறாங்கள். இனி ரெண்டு பேரையும் பாத்துச் சிரிக்கட்டும்.”

ஜெர்மன் கப்பல்காரன் கொடுத்த பியர்ப் போத்தலைத் திறந்தான். அவர்கள் ஊரில் வசந்த காலத்தில் மட்டும் காய்ச்சுவதாம். ஒரே கசப்பு. தேநீர்க் கோப்பையில் ஊற்றி மாறி மாறிக் குடித்தோம். நுரை இருவருக்கும் ஒரு பக்க மீசையில்தான் ஒட்டியது.

பிறகு வந்த தேர்தல்கள் தமிழன், சிங்களவன் என்று எங்களை ஆளுக்கொரு ஊருக்குப் பிரித்துவிட்டன. வானொலி முடிவுகளை வாசிக்கும்போது இப்போதும் என் கை மீசைக்குப் போகிறது. தோற்றவனுக்காக மீசை மழித்த வெற்றியாளன் ஒருவனை அதன்பின் நான் கண்டதில்லை.