தொண்ணூறாவது சீட்டு

சோமசேகரத்துக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. திருகோணமலைத் துறைமுகத்தில் பத்தொன்பது வருடம் டாலி கிளாக்கராக இருந்து ஒரு மூட்டைகூட எண்ணிக்கையில் தவறவிடவில்லை என்பது ஒன்று. தவராசாவின் கடையில் ஞாயிறுதோறும் நடக்கும் சீட்டுப் போட்டியை ஊரில் தொடக்கி வைத்தவர் தான்தான் என்பது மற்றது. முதலாவது பெருமையை யாரும் தொடவில்லை. இரண்டாவதைக் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு சைக்கிள்காரன் தட்டிக்கொண்டு போய்விட்டான். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

டாலி கிளாக்கர் வேலை சின்ன வேலைதான். கப்பலிலிருந்து சீமெந்தோ மாவோ இறங்கும்போது பலகையும் பென்சிலுமாக இருந்து, ஐந்து மூட்டைக்கு ஒரு கோடு போடவேண்டும். பிழை வந்தால் அழிக்கக்கூடாது. பிழைத்ததை ஒற்றைக் கோட்டால் வெட்டி, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்து வைக்கவேண்டும். சோமசேகரத்தின் தாள்களில் அப்படி ஒரு வெட்டுக்கோட்டை ஒருவரும் கண்டதில்லை. மூட்டைக் கணக்கில் தகராறு வந்தால் மேலதிகாரி, "சோமசேகரத்தின்ர தாளைக் கொண்டுவாங்கோ, கதை முடிஞ்சுது" என்பார். வெயிலில் காய்ந்து கறுத்த அந்த மனிதருக்கு அந்த ஒரு வார்த்தை போதும், ஒரு மாதத்துக்கு நிமிர்ந்து நடப்பார்.

சீட்டு வந்த கதை இது. தவராசா மத்திய வீதியில் தொலைபேசிக் கடை வைத்திருந்தார். அவருடைய மச்சான் கனடாவிலே விளையாட்டுச் சாமான் கடை நடத்தித் தோற்று, மிஞ்சிய பெட்டிகளைக் கப்பலில் அனுப்பி வைத்தான். உள்ளே வெள்ளித்தாள் பைக்கற்றுகள். ஒவ்வொன்றிலும் பதினைந்து சீட்டு, சீட்டுக்கு ஒரு படம், பூதம், வீரன், இடி, வெள்ளம். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்த விதிகளை அகராதி வைத்துப் படித்துத் தவராசாவுக்கே விளங்கப்படுத்தியவர் சோமசேகரம்.

பெட்டிகள் குறைவு. கடையில் வாங்கிச் சேர்க்க வழியில்லை. அதனால் அவர்கள் விளையாடியது மட்டுப்பட்ட ஆட்டம். வந்த எட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஆறு பைக்கற்று. உடைத்தால் தொண்ணூறு சீட்டு. அதற்குள்ளேதான் இருபத்துமூன்றைப் பொறுக்கி, மற்றச் சீட்டுகளை மேசையில் இறக்க வலுத்தரும் நிலச்சீட்டுப் பதினேழைக் கடையில் வாங்கிச் சேர்த்து, நாற்பது சீட்டுக் கட்டொன்று கட்டவேண்டும். வீட்டிலிருந்து ஒன்றும் கொண்டுவரக் கூடாது. கிடைத்ததை வைத்துக் குடும்பம் நடத்து என்பதுபோல ஒரு விளையாட்டு. யுத்தகாலத்துச் சனத்துக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

பக்கீரைக் கூட்டி வந்ததும் சோமசேகரம்தான். கிண்ணியாவில் சைக்கிள் திருத்துகிறவன், அவரைவிட மூன்று வயது இளையவன். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒரு சைக்கிளின் சில்லையும் இன்னொன்றின் கைபிடியையும் மூன்றாவதன் சங்கிலியையும் பூட்டி ஓடவைத்த கை. அவருடைய சைக்கிளைத் திருத்த வந்தவனைப் பிடித்து இருத்தி, மூன்று ஞாயிறு பாடம் எடுத்தார். நாலாவது ஞாயிறு அவன் அவரையே தோற்கடித்தான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. அதன்பிறகு ஏழு போட்டியில் ஐந்து அவனுக்கு.

"அவனுக்குச் சீட்டு விழுகுது. எனக்கு விழுகிறது குப்பை" என்று வீட்டில் வந்து புறுபுறுப்பார்.

மனைவி இராசமலர் ஒருநாள் குசினிக்குள் இருந்தபடியே கேட்டாள். "குப்பையெண்டுறியள். போன கிழமை பக்கீர் தம்பி சின்னச் சின்னப் பூதங்களை வச்சு உங்கட பெரிய பூதத்தை விழுத்தினவராமே? தவராசா அண்ணற்ர மனுசி சொன்னவ."

"உனக்கு அதுக்குள்ள என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்டும் தெரியாது. அவர் வந்தால் வீடு கலகலப்பாயிருக்கும், அதுமட்டும் தெரியும். நீங்கள் சீட்டை வச்சுக்கொண்டு உம்மெண்டு இருப்பியள்."

அன்றிரவு சோமசேகரம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மனைவி சொன்னது பொய்யென்றால் கோபம் வந்திருக்கும். உண்மையாக இருந்தபடியால் வயிறுதான் எரிந்தது. பெரிய பூதத்தைக் கண்டால் விடமாட்டார் அவர், அதை இறக்க நிலம் சேருமுன்னே ஆட்டம் முடிந்துவிடும். பக்கீர் மலிவான சீட்டாகப் பார்த்துப் பொறுக்குவான். சைக்கிள் பூட்டுவதுபோல ஒன்றோடொன்று பொருந்துமா என்றுதான் பார்ப்பான். இது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதிர்ஷ்டம் என்று சொல்லுவதில் ஒரு சுகம் இருந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மாசி மாதம். சமாதானம் தாளில் இருந்தது, தெருவில் மறுபடி சோதனைச் சாவடிகள் முளைத்திருந்தன. அந்த நாளில்தான் தவராசா புதினம் சொன்னார். சித்திரையில் கொழும்பில் இதே சீட்டுக்குப் பெரிய போட்டி. ஊருக்கு ஓர் ஆள் போகலாம். அடுத்த ஞாயிறு வெல்லுகிறவர் திருகோணமலைக்காகப் போவார்.

சோமசேகரம் அந்தக் கிழமை முழுக்கக் கொழும்பு மண்டபத்தில் இருந்தார். பெயர் கூப்பிடுகிறார்கள், எழுந்து போகிறார், இராசமலர் அயலெல்லாம் சொல்லுகிறாள். மூட்டை இறங்க இறங்கக் கை தன்பாட்டில் கோடு போட்டது. இந்தமுறை தோற்றால் நாற்பத்தொரு வயதில் மூட்டை எண்ணினதைத் தவிர அவருக்கென்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. அப்படித்தான் அவருக்குத் தோன்றியது.

போட்டிக்குத் தவராசா ஒரு முறை வைத்திருந்தார். பைக்கற்றை உடைத்தவர் அதை வைத்து விளையாடக் கூடாது. தொண்ணூறையும் பட்டியல் எழுதி, வலப்பக்கம் இருப்பவரிடம் கொடுக்கவேண்டும். இடப்பக்கத்தவர் எழுதியது உங்களுக்கு வரும். களவு நடக்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. சோமசேகரத்தின் வலப்பக்கம் எப்போதும் பக்கீர். முதல்நாள் பாடம் கேட்க இருந்த கதிரை, அதையே பிடித்துக்கொண்டான்.

அந்த ஞாயிறு காலை சோமசேகரம் பைக்கற்றுகளை உடைத்து எழுதிக்கொண்டு வந்தார். நாலு பைக்கற்றும் சாதாரணம். ஐந்தாவதில், பதினைந்து சீட்டுக்கும் அடியில், கடலரசன் இருந்தான்.

கடலரசனை அதுவரை அந்தக் கடையில் ஒருவரும் நேரில் கண்டதில்லை. பெட்டியின் மேல்மூடியில் படம் மட்டும் இருந்தது. நீலத் தாடியும் பவளக் கிரீடமுமாக அலைக்குள்ளிருந்து எழும்புகிறவன். மேசைக்கு வந்தால் எதிராளியின் சீட்டெல்லாம் கைக்குத் திரும்பிவிடும், அதோடு ஆட்டம் முடிந்த மாதிரித்தான். ஆறு மாதம் காத்திருந்த சீட்டு இன்று வந்திருக்கிறது. வந்தும் அவருக்கில்லை. இன்னும் பத்து நிமிடத்தில் அதைத் தன் கையாலேயே பக்கீரிடம் கொடுக்கவேண்டும்.

"கடவுளுக்கும் அவனைத்தான் பிடிச்சிருக்கு" என்று நினைத்தார். கண்ணுக்குள் மிளகாய்த்தூள் விழுந்ததுபோல எரிந்தது. பக்கத்தில் பக்கீர் தலையைக் குனிந்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோல நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தான்.

சோமசேகரத்தின் கை சேட்டுப் பைக்குப் போனது. அடையாள அட்டை உறையை எடுத்தது. அட்டைக்குப் பின்னால் கடலரசனைச் செருகி, உறையை மறுபடி பையில் வைத்தது. மூன்று விநாடி. பட்டியலில் எண்பத்தொன்பது பெயர் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டது என்று நினைக்குமாம். வேறு ஊர்க்காரன் செய்திருந்தால் மன்னிக்கலாம். ஒரு நாளைக்கு ஐந்து தரம் அடையாள அட்டையை வெளியே எடுத்து நீட்டுகிற ஊரில் பிறந்து வளர்ந்த மனிதர், ஒளிப்பதற்கு வேறு இடம் காணவில்லையா? ஆனால் அந்த ஊர்க்காரர்தான் அப்படிச் செய்வார். பணமோ சாமிபடமோ மருந்துத் துண்டோ, தொலைக்கக்கூடாத எதையும் அவர்கள் அந்த உறைக்குள்தான் வைத்துப் பழகியிருந்தார்கள். கை பழகின இடத்துக்குப் போனது.

சீட்டுகள் கைமாறின. பக்கீர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தான். மறுபடி பார்த்தான். பிறகு எழுந்து தவராசாவிடம் போய்க் காதோடு ஏதோ சொன்னான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், சோமசேகரத்தின் கை சேட்டுப் பையை மூடிக்கொண்டது. தவராசா இவர் பக்கம் திரும்பிப் பார்த்து, சிரித்து, தலையை ஆட்டினார். பக்கீரும் சிரித்துக்கொண்டு வந்து இருந்தான். அவ்வளவுதான்.

மூன்று சுற்று. கடைசிச் சுற்றில் சோமசேகரமும் பக்கீரும் எதிரெதிரே இருந்தார்கள். பக்கீர் அன்றைக்கும் சின்னச் சீட்டுகளையே நீலமும் பச்சையுமாகக் கோத்து வைத்திருந்தான். கடைசி ஆட்டத்தில் அவன் ஒரு சீட்டுக்காக மூன்று தரம் கட்டிலிருந்து எடுத்தான், மூன்று தரமும் வரவில்லை. அவன் கட்டில் எது இருந்திருந்தால் தன் கதை முடிந்திருக்கும் என்பது சோமசேகரத்துக்குத் தெரியும். அது தன் நெஞ்சுக்கு மேலே பைக்குள் இருப்பதும் தெரியும். அவர் வென்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். பக்கீர் மேசையைச் சுற்றி வந்து கட்டிப்பிடித்தான். "அண்ணன், எனக்குச் சந்தோசமா இரிக்கி. பழக்கித் தந்தவர்தான் போகணும்" என்றான். கட்டிப்பிடித்தபோது உறை நெஞ்சில் அழுத்தியது.

வென்றவனுக்குத் தாராள மனம் தானாக வரும். பாதையடிக்குப் போகும் பஸ்வரைக்கும் கூட வருகிறேன் என்றார் சோமசேகரம். குடாவைக் கடக்கும் மிதவைக்கு அங்கே பாதை என்றுதான் பெயர், கடைசிப் பாதை ஆறு மணிக்கு. இருவரும் நடந்தார்கள். அந்த வெயிலிலும் காற்று நன்றாக இருந்தது. பக்கீர் பாவம், நல்லவன் என்றுகூட நினைத்தார். பஸ் நிலையத்துக்கு முன்னால் சாவடியில் வரிசை நின்றது.

அவருடைய முறை வந்தது. கை வழக்கம்போல உறையை எடுத்து நீட்டியது. நீட்டிய பிறகுதான் நினைவு வந்தது, ஆனால் உறை ஆமிக்காரனின் கையில் இருந்தது. அட்டைக்குப் பின்னால் தடிப்பாக ஏதோ இருப்பதை அவன் விரலால் தடவிப் பார்த்தான். உருவினான். நீலத் தாடிக்காரனைத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிங்களத்தில் கேட்டான், இது என்ன, ஏன் அட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாய் என்று.

பின்னால் நின்ற பக்கீர்தான் எட்டிப் பார்த்துச் சிங்களத்தில் பதில் சொன்னான். விளையாட்டுச் சீட்டு ஐயா, நாங்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாடுகிறது, கசங்காமல் இருக்க உள்ளே வைத்திருக்கிறார். ஆமிக்காரன் படத்தை இன்னொருதரம் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

இருவரும் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தார்கள். ஏசுவான் என்று காத்திருந்தார் சோமசேகரம். ஏசினால் நல்லது, திருப்பி ஏசலாம்.

"காலயில எண்ணினனான்" என்றான் பக்கீர் கடைசியில். "எண்பத்தொம்பதுதான் இருந்திச்சி."

"பிறகேன் சொல்லேல்ல?"

"சொன்னனே, தவராசா அண்ணனுக்கிட்ட. பைக்கற்றில ஒண்டு குறைச்சிப் போட்டுட்டானுகள், கம்பனிக்காரன்ட பிழை எண்டு. அவர், சேகரம் எண்ணாம விட்டிருப்பாரோ எண்டார். நான் சொன்னன், மெசின் பிழைக்கும், சேகரம் அண்ணன் எண்ணினது பிழைக்காது எண்டு. அவரும் ஓமெண்டு சிரிச்சார்."

பஸ் வந்தது. பக்கீர் ஏறினான். யன்னலோரம் இருந்தும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

சோமசேகரம் சாவடிக்குத் திரும்பி நடந்தார். அதே ஆமிக்காரன், அதே உறை. இம்முறை சீட்டைக் கையில் வெளியே பிடித்திருந்தார். கடைக்கு வந்து சேர்ந்தபோது தவராசா கதவுப் பலகையை இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சேகரம், மறந்துபோய் ஏதும் விட்டிட்டீரோ?"

"என்ர பட்டியலை ஒருக்கா எடுங்கோ."

அலுமாரியிலிருந்து தாள் வந்தது. சோமசேகரம் பேனையை வாங்கி, அடியில் எழுதியிருந்த எண்பத்தொன்பதை ஒற்றைக் கோட்டால் வெட்டினார். பக்கத்தில் தொண்ணூறு என்று எழுதினார். கடலரசனைத் தாளுக்கு மேல் வைத்தார். வெட்டுக்கோட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்து வைத்தார். பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் வெட்டு.

தவராசா சீட்டைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "அப்ப கொழும்புக்கு?"

"பக்கீர்" என்றார் சோமசேகரம். அந்தப் பெயரைச் சொல்லும்போது அப்போதும் வயிறு எரிந்தது.