பழைய கட்டடத்து வருகைப்பதிவு

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நான் ஆசைப்பட்டு வந்தவன் அல்ல. பெற்றோர் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மேலே தூக்கிச் சோம்பல் முறித்தேன். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை, "உறுப்பினரா இருக்க யாருக்கெல்லாம் விருப்பம்?" என்று கேட்டிருக்கிறார். ரெண்டு கையையும் தூக்கின ஒரே ஆள் இவர்தான் என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். நான் கையை இறக்குவதற்குள் தீர்மான நோட்டில் பெயர் ஏறிவிட்டது. ஒரு நோட்டில் பெயர் ஏறுவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எனக்குக் கொடுத்த பொறுப்பு, பள்ளிச் செய்திகளை ஊருக்குச் சொல்வது. வாய் ஓயாதவன் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் பார்க்கவில்லை. ஆனால் எடப்பாடி வட்டாரத்தில், எங்களுடையது போன்ற தறி ஊரில், ஒரு செய்தியைச் சொல்வது லேசான காரியம் இல்லை. வீட்டுக்கு நாலு விசைத்தறி. எனக்கும் நாலு, தோள் துண்டு நெய்கிறேன். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கே கைஜாடைதான். வாட்ஸப்பில் கூட்ட அறிவிப்பு போட்டால் அதன் மேல் ரோஜாப்பூவோடு காலை வணக்கங்கள் வந்து விழுந்து மூடிவிடும். எழுதி, மைதாப் பசை தடவிச் சுவரில் ஒட்டினால், பசை ருசிக்குத் தெருவில் மேயும் மேச்சேரி இன ஆடுகள் வந்து காகிதத்தோடு தின்றுவிடும். எங்கள் தீர்மானங்களை முழுதாக உள்வாங்கிக்கொண்டவை அவை மட்டும்தான்.

அதனால் எங்கள் ஊரில் எந்த அறிவிப்பானாலும் ஷட்டவுன் நாளுக்காகக் காத்திருக்கும். மாதத்தில் ஒரு நாள், பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்துவார்கள். அத்தனை தறியும் ஒரே நொடியில் நிற்கும். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்துக்குள் வாழ்கிறவர்களுக்கு அந்த அமைதி நிம்மதியாக இருக்காது. காதுக்குள் பஞ்சை வைத்து அடைத்தது போல இருக்கும். நாய்கள் எழுந்து நின்று சுற்றிப் பார்க்கும். தொட்டிலில் குழந்தைகள் விழித்துக்கொண்டு அழும். பெரியவர்களும் அன்றைக்குத் தணிந்த குரலில்தான் பேசுவார்கள், யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்பது போல. அந்த அமைதிக்குள் பேட்டரி மைக்கைத் தூக்கிக்கொண்டு நான் தெருத் தெருவாகப் போவேன்.

பள்ளி வளாகத்தின் கிழக்கு ஓரத்தில் பழைய கட்டடம் ஒன்று இருந்தது. கூரையில் கம்பி தெரியும், சுவரில் கை நுழையும் விரிசல். இடிக்கச் சொல்லிக் குழு தீர்மானம் போட்டு அனுப்பியிருந்தது, உத்தரவு வரவில்லை. அதுவரை பிள்ளைகள் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஷட்டவுன் நாட்களில் "கட்டடம் உறுதியிழந்த நிலையில் உள்ளது" என்று செய்தி வாசிப்பவனைப் போல அறிவித்தேன். பிள்ளைகள் மதிய இடைவேளையில் அதற்குள்தான் ஒளிந்து விளையாடினார்கள், என் மகள் உட்பட.

மூன்றாவது ஷட்டவுன் அன்று என் குணம் தலைதூக்கியது. மைக்கில் சொன்னேன்: "ஏனுங்க, எல்லாருக்கும் ஒரு தகவலுங்க. அந்தப் பழைய கட்டடத்துல மத்தியான நேரத்துல ஒருத்தர் வருகைப்பதிவு எடுக்கறாருங்க. உள்ள போற புள்ளைங்க பேரைக் கூப்புடுவாரு. பதில் சொல்லிப்போட்டா அவரு நோட்டுல பேரு ஏறிருமுங்க. அப்பறம் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வர முடியாதுங்க."

தறிக்கூடங்களின் சன்னல் வழியாகச் சிரிப்பு கேட்டது. எனக்கு ஒரே பெருமை. மறுநாள் முதல் ஒரு பிள்ளையும் அந்தப் பக்கம் போகவில்லை. தலைமையாசிரியைகூட, "சட்டத்தைச் சொன்னா கேக்கலை, உங்க சரக்குக்குத்தாங்க மரியாதை" என்றார்.

பத்து நாள் கழித்துத் தேநீர்க்கடையில் ஒருவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தக் கதையை எனக்கே சொன்னார். "அவருக்கு வலது கை மட்டும் வெள்ளையா இருக்குமாமா. சாக்பீஸ் பொடி. கழுவுனாப் போகாதாமா."

"இதை யாருங்க சொன்னது?"

"உங்களுக்கு எல்லாம் தெரியாதுங்க. நீங்க மைக்கில சத்தம் போடறதோட சரி."

பால்காரர் வேறு விவரம் சொன்னார்: பதில் வரும்வரை மூன்று முறை கூப்பிடுவாராம், நான்காம் முறை கிடையாதாம். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாதவர்கள். ஆனால் மூன்றாவதாக ஒரு பெண்மணி சொன்னதில் அந்தக் கையும் இருந்தது, அந்த மூன்று முறையும் இருந்தது. நான் போட்டது ஒரு விதைதான். அது இத்தனை ஒழுங்காக வளர்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் முதல் விஷயமே, மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மூன்று வாரமாக வரவில்லை என்பது. என் மகளுக்குப் பக்கத்து இடம். அம்மா கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனவர், வருடத்துக்கு ஒரு முறை வருவார். சென்ற ஷட்டவுன் அன்று, நான் மைக்கில் சொன்ன அதே நாள் மத்தியானம், பழைய கட்டடத்திலிருந்து தன் பெயரைக் கூப்பிட்டதாகவும், தான் பதில் சொல்லிவிட்டதாகவும் சொல்லி அந்தப் பிள்ளை அழுததாம்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலைமையாசிரியை மட்டும் நல்ல விளக்கம் ஒன்று வைத்திருந்தார். "நான் இங்க பேர் கூப்புடறது அந்தக் காலி ரூம்ல பட்டுத் திரும்புமுங்க. மத்த நாள்ல தறிச் சத்தத்துல கேக்காது. ஷட்டவுன் அன்னிக்குக் கேட்டிருக்கும். நீங்களே போய்ச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

அந்த விளக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டு போனேன். அவள் அம்மா வேலை செய்யும் தறிக்கூடத்தின் மூலையில் சிறுமி தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றும் வேலை அது. எட்டு வயதுக் கைக்கு வேகம் வந்துவிட்டிருந்தது. அதுதான் என்னை உலுக்கியது. ஆறாம் வகுப்புக் கோடை விடுமுறையில் சும்மா இருக்காதே என்று என்னையும் இப்படித்தான் உட்கார வைத்தார்கள். அந்த விடுமுறை இன்னும் முடியவில்லை.

அம்மா தறியை நிறுத்திவிட்டு வந்தார். "வாங்கண்ணா. நான் அடிச்சும் பாத்துட்டேன், கெஞ்சியும் பாத்துட்டேன். போவ மாட்டீங்கறா. பேரு அங்க ஏறிப்போச்சாமுங்க. தறிப் பட்டறைக்காரரு, ஒண்ணாந்தேதியிலருந்து நெதமும் வரட்டும்னு சொல்லியிருக்காரு. ஊட்டுல தனியா உட்டுட்டு வரதுக்கு இது தேவலைன்னு நானும் சரின்னுட்டேன்." சொல்லிவிட்டு மகளைப் பார்க்காமல் தறியைப் பார்த்தார். "படிக்க வெக்கத்தான் நான் இந்த நாலு தறிக்கு நடுவுல நிக்கறேன்."

ஒன்றாம் தேதிக்கு ஒரு வாரம் இருந்தது. நான் சிறுமியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "சாமி, அது உங்க டீச்சர் குரல்தான். சுவத்துல பட்டுத் திரும்பியிருக்கு."

"டீச்சரா இருந்தா 'உள்ளேன் அம்மா'ன்னுதான சொல்லியிருப்பேன்? 'உள்ளேன் ஐயா'ன்னு சொன்னேனுங்க மாமா. ஆம்பளைக் குரலுங்க."

எங்கள் பள்ளியில் இருப்பது இரண்டு ஆசிரியைகள். ஆண் ஆசிரியர் யாரும் இல்லை.

"கண்ணு, அந்தக் கதையே நான் இட்டுக்கட்டுனது. சும்மா, தமாசுக்கு."

அவள் தாரை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப அவரு பேரு கூப்புடுவாருன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க?"

உருண்டு ஓடிய ஒரு தார்க்குச்சியை எடுத்துக் கொடுத்தேன். அவளே கேட்டாள்: "ஒரு பள்ளிக்கூடத்துல பேரு ஏறிட்டா எப்படி எடுக்கறதுங்க மாமா?"

"டிசி வாங்கணும்" என்றேன், வாய்க்கு வந்தபடி. அவள் முகம் முதல்முறையாகத் தெளிந்தது. "அப்ப வாங்கித் தாங்க. நீங்கதான குழுவுல இருக்கீங்க."

தலைமையாசிரியையிடம் போய் நின்றேன். "அது என் பள்ளிக்கூடம் இல்லீங்களே, நான் எப்படி டிசி குடுக்க?" என்றார், சிரிக்காமல். முத்திரை இல்லாத வெள்ளைத்தாள் ஒன்றை மட்டும் கொடுத்தார். மாணவி பெயர், வகுப்பு, விலகும் காரணம் என்று கோடு போட்டு நானே எழுதினேன். காரணம் என்ற இடத்தில் "தவறுதலாகச் சேர்க்கப்பட்டவர்" என்று போட்டேன். உள்ளே போய், நானே இடது கையால் ஒரு கையெழுத்தைக் கிறுக்கிக்கொண்டு வந்து காட்டுவது என்பது என் திட்டம்.

மாதக் கடைசியில் ஷட்டவுன் வந்தது. மதியம், வெயில் நேர் மேலே. சிறுமியும் அம்மாவும் தலைமையாசிரியையும் புங்கமரத்தடியில் நின்றார்கள். உள்ளே போகாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் அறிவித்தவன் உள்ளே போனேன்.

வௌவால் வாடை. கால் வைத்த இடமெல்லாம் காரை நொறுங்கியது. வெளியே இருக்கும்போது கேட்ட காக்கைச் சத்தம் உள்ளே கேட்கவில்லை. எங்கள் பள்ளிகளில் கரும்பலகையின் ஓரத்தில் ஒவ்வொரு நாளும் 'பதிவு' இத்தனை, 'வருகை' இத்தனை என்று எழுதுவார்கள். இங்கேயும் எழுதியிருந்தது. பதிவு 1. வருகை 0. சாக்பீஸ் எழுத்து புதிதாக இருந்தது. பிள்ளைகள் யாராவது விளையாட்டுக்கு எழுதியிருப்பார்கள் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். பிள்ளைகள் யாரும் ஒரு மாதமாக உள்ளே வரவில்லை என்பதை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

உடைந்த மேசையில் தாளை வைத்து, பேனாவை இடது கைக்கு மாற்றினேன். அப்போது என் பெயர் காதில் விழுந்தது.

அது ஊரில் என்னைக் கூப்பிடுகிற பட்டப்பெயர் இல்லை. அப்பாவின் முதலெழுத்தோடு, பள்ளிப் பதிவேட்டில் இருந்த முழுப்பெயர். ஆறாம் வகுப்புக்குப் பிறகு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சத்தமாகக்கூட இல்லை. தலை நிமிராமல் வரிசையாகப் படித்துக்கொண்டே போகிறவர் குரல். எனக்குப் பயத்தைவிட முந்திக்கொண்டு வந்தது பழக்கம். முதுகு நிமிர்ந்துவிட்டது. வாய் திறந்துவிட்டது. இரண்டாம் முறை கேட்டபோது, நாற்பது வருடமாக மூடத் தெரியாத அந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். மூன்றாம் முறை வரும்வரை அப்படியே நின்றேன். பிறகு ஒன்றும் இல்லை.

கையெழுத்தைக் கிறுக்கினேன். தோளில் கிடந்த என் சொந்தத் தறித் துண்டை எடுத்துப் பலகையில் இருந்ததை அழித்துவிட்டு வெளியே வந்தேன். நான் ஓடவில்லை, நடந்துதான் வந்தேன் என்று தலைமையாசிரியை பிறகு பெருந்தன்மையாகச் சொன்னார்.

சிறுமி தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "தேதி போடலைங்களே மாமா" என்றாள். அவள் அம்மாவின் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. அந்தப் பிள்ளையின் முதுகின் மேல் தாளை வைத்துத் தேதி போட்டேன். எண் கோணிவிட்டது.

"உங்களைக் கூப்புட்டாருங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லை சாமி."

நம்பினாளோ என்னவோ. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக வகுப்புக்குப் போய் என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றாம் தேதி தார் சுற்ற வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி அவள் அம்மா பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டார்.

செய்தி சொல்கிறவன் தப்பையும் சொல்ல வேண்டும் அல்லவா. அடுத்த ஷட்டவுனில் மைக்கைப் பிடித்து, "அந்த வருகைப்பதிவு விஷயம் நான் சும்மா சொன்னதுங்க, யாரும் நம்ப வேண்டாமுங்க" என்று தெருத் தெருவாகச் சொன்னேன். ஒரு தறிக்கூடத்து வாசலில் நின்றவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "பாவம், இவரு பேரும் ஏறிருச்சு போல. அதான் மாத்திப் பேசறாரு."

பிறகு உத்தரவு வந்து, ஜேசிபி வந்து, அரை நாளில் கட்டடம் தரையானது. இப்போது அங்கே பிள்ளைகள் கபடிக்குக் கோடு கிழித்திருக்கிறார்கள். நான் இன்னும் குழுவில் இருக்கிறேன். கூட்டத்தில் உறுப்பினர் பெயர் வாசிக்கும்போது நான் வாயைத் திறப்பதில்லை. கையை மட்டும் தூக்குவேன். மறுபடியும் சோம்பல் முறிக்கிறார் என்று சிரிக்கிறார்கள்.

ஷட்டவுன் நாட்களில் மட்டும், தறி நின்றதும், மைக்கை எடுப்பதற்கு முன் பள்ளிச் சுவரோரம் போய் நிற்பேன். உள்ளே வகுப்பில் பெயர்கள் வாசித்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சிறுமியின் முறை வரும். "உள்ளேன் அம்மா" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்துவாள். அதைக் கேட்ட பிறகுதான் அங்கிருந்து நகர்வேன். கொஞ்சம் வேகமாகவே நகர்வேன், வாயைப் பொத்தியபடி. அடுத்த பெயர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாதே.