உரக்குழியில் தலைமையாசிரியர்

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் உரக்குழி வெட்டிய அன்றே தலைமையாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். நாற்றம் வந்தால் குழியை மூடிப் பூசி, வண்டி நிறுத்தும் இடமாக்கிவிடுவாராம். சொன்னதோடு நில்லாமல் சிமெண்ட் மூட்டைகளையும் சுவரோரம் அடுக்கிவைத்தார். குழியைத் திறந்துவைக்க மட்டும் தன் படம் போட்ட நோட்டீஸைக் கட்டுக்கட்டாக அடித்த மகானுபாவர் அவர். வாங்க ஆளில்லாமல் மிஞ்சியவை ஆய்வக அலமாரியை அடைத்துக்கொண்டு கிடந்தன.

அறிவியல் டீச்சருக்கு அந்தக் குழிதான் உயிர். குப்பை மக்குவதைப் படம் வரைந்து பாகம் குறித்தே மதிப்பெண் வாங்கிவிடும் பிள்ளைகள், ஒரு தடவையாவது கையால் தொட்டுப் பார்க்கட்டும் என்று நினைத்தாள். ஈரக் குப்பை ஒரு பங்கு, காய்ந்த சருகு இரண்டு பங்கு, மேலே மெல்லிசாக மண். இவ்வளவுதான் பாடம்.

வீட்டிலிருந்து காய்கறித் தோல் கொண்டுவரச் சொன்னாள். வந்ததோ ஃப்ரிட்ஜில் மறந்துபோய் ஊசிய சாப்பாடு. எல்லாம் படித்த குடும்பங்கள். டப்பா கழுவ அலுப்பு. பிள்ளையின் படிப்புக்கு உதவினோம் என்று பெருமை வேறு.

சருகுக்கா பஞ்சம்? மைதானத்து மரங்கள் கொட்டுவதையெல்லாம் தினமும் காலையில் காவலாளி கூட்டிக் கொளுத்திவிடுவார். வளாகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் உத்தரவு. கொளுத்த வேண்டாம் என்று டீச்சர் கேட்டதற்கு, சருகைக் குவித்துவைத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். முன்பக்கம் புகை, பின்பக்கம் நாற்றம், நடுவில் நின்று தூய்மையைப் பற்றிப் பிரசங்கம்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார்.

"திங்கக்கிழமை மேஸ்திரி வர்றாரும்மா. உங்க விளையாட்டு போதும்."

அவர் போன பிறகு ஒன்பதாம் வகுப்பு ஜன்னல் வழியே குழியை எட்டிப் பார்த்தது. கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி மட்டும் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காஞ்சதுன்னா எதுவா இருந்தாலும் சரியா டீச்சர்?"

டீச்சர் ஒரு நோட்டீஸை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். "மெல்லிசுத் தாள்தான். கிழிச்சுப் போடுங்க."

"சார் சிரிக்கிறாரே."

"குறுக்கால கிழி."

கட்டுகள் அத்தனையும் சுக்குநூறாயின. குழியை அடிவரை கிளறி, தாளும் குப்பையும் மாறி மாறிப் பரப்பி, மண் போட்டு மூடினார்கள்.

திங்கட்கிழமை மேஸ்திரியோடு வந்தவர் குனிந்து மோந்து பார்த்தார். மண்வாசனைதான் வந்தது. குச்சியால் கிளறினார். பாதி மீசை மேலே வந்தது.

"என்னம்மா இது?"

"காஞ்ச சரக்கு சார். அது சேர்ந்ததாலதான் நாத்தம் நின்னுச்சு."

சொந்த மீசையையே அடையாளம் தெரியாத மனிதர் தலையை ஆட்டினார். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே."

குழி பிழைத்தது. வந்த மேஸ்திரியைச் சும்மா அனுப்புவானேன் என்று, அதே சிமெண்டில் குழிக்குப் பக்கத்தில் மேடை கட்டித் தன் பெயரைப் பொறிக்கச் சொன்னார். மக்காத குப்பைக்கு உதாரணம் கேட்டால் ஒன்பதாம் வகுப்பில் இப்போது யாரும் பிளாஸ்டிக் என்று எழுதுவதில்லை.