மறுபூச்சு டயல்

சேலத்துக் கடையில் இரண்டு கைக்கடிகாரங்களை என் முன் அருகருகே வைத்தார்கள். புதியதில் எண்கள் கூர்மையாக இருந்தன. அதே வடிவப் பழையதில் எழுத்தின் விளிம்பு லேசாகக் கலங்கியிருந்தது. "டயலுக்கு மறுபடி பெயின்ட் அடிச்சிருக்காங்க," என்றார் கடைக்காரர்.

அதையே என் எட்டு வயதில், ராசிபுரத்தில், அத்தையின் நிச்சயதார்த்தத்தன்று கேட்டிருக்கிறேன். லாரி ஓட்டிய அப்பா மாப்பிள்ளைக்காகப் பம்பாயில் வாங்கிய வெளிநாட்டுக் கடிகாரத்தை, மாப்பிள்ளையின் மாமா வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது பெயின்ட் அடிச்ச பழசுங்க. எங்களை ஏமாத்தறீங்களா?"

அப்பாவுக்கு அது தெரியாது. முகம் கறுத்துப்போய், "வேற வாங்கித் தாரேனுங்க," என்றார்.

அறையிலிருந்து அத்தை வெளியே வந்தாள். "எங்கண்ணன் யாரையும் ஏமாத்த மாட்டாருங்க. இந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டாமுங்க." கடிகாரத்தை வாங்கி அப்பாவின் கையில் கட்டினாள். "நேரம் சரியாத்தான் காட்டுது. நீங்களே கட்டிக்குங்கண்ணா."

வந்தவர்கள் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்கள். அப்பா அந்தக் கையைத் துண்டால் மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா தயங்கித் தயங்கி இலை போட்டாள். முதலில் உட்கார்ந்தது அத்தைதான். பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.