கைகள் மட்டும் வந்த படம்

கள்ளக்குறிச்சியில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களில் எனக்கு ஈடு யாரும் இல்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். மற்றவர்களும் சொல்கிறார்கள்தான், கொஞ்சம் குறைத்துச் சொல்கிறார்கள். ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது என் அறை. இரண்டு நாள் கல்யாணத்தை மூன்று மணி நேரத்துக்குள் அடக்கி, மாப்பிள்ளையின் பெரியப்பா முறைத்துக்கொள்ளாதபடியும் பார்த்துக்கொள்வது லேசுப்பட்ட வேலை இல்லை. வந்தவர்கள் எல்லோருடைய முகமும் வீடியோவில் வந்தாக வேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். ஒரே ஒரு சித்தி விட்டுப்போனாலும் மறுநாளே போன் வந்துவிடும்.

"இன்னாம்மா, எங்க சித்தி மூஞ்சியே வரல? காலையிலேர்ந்து மணவறையாண்டயேதான நின்னுக்கினு இருந்துச்சி?"

அந்தச் சட்டம் எனக்குப் பழகிவிட்டது. பழகாத சங்கதி ஒன்று உண்டு. பின்னணியில் ஓடும் சினிமாப் பாட்டில் நிலா என்று வந்தால் திரையில் நிலா வர வேண்டும், நிலாவுக்குள் பெண்ணின் முகம் வர வேண்டும். மழை என்றால் மழை. ஒரு தடவை மயில் என்று வந்த இடத்தில், வெறுப்பில், ஒரு மயிலையே மாப்பிள்ளையின் தோளில் உட்கார வைத்தேன். கிண்டல் புரியும் என்று நினைத்தேன். அவருடைய அப்பா மாடி ஏறி வந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேறு ஆள். கவிதைப் படம் எடுப்பேன். இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, கதை என்ன என்பது. கதை இல்லை என்பேன். அப்படியானால் பாட்டா என்பார்கள். பாட்டும் இல்லை. நாலைந்து நிமிடம் ஓடும். ஒரு குரல் கவிதையைச் சொல்லும், படம் கூடவே போகும், ஆனால் குரலுக்கு எடுபிடியாகப் போகாது. சொல் ஒன்றைச் சொன்னால் படம் இன்னொன்றைக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பார்க்கிறவர் மனதில் மூன்றாவதாக ஒன்று எழுந்திருக்க வேண்டும். இதுதான் என் சட்டம். வெளியூருக்கு வேலைக்குப் போன தம்பியைப் பற்றிய என் கவிதைக்கு, வெள்ளிமலை போகும் பஸ்சின் முன்கண்ணாடியில் மழைத் தண்ணீரைத் துடைக்கும் வைப்பரை மட்டும் காட்டினேன். நாலு நிமிடமும் அது மட்டும்தான். பார்த்தவர்களில் மூன்று பேர் அழுதார்கள். ஒருவர் தூங்கிவிட்டார், அதையும் மறைப்பதற்கில்லை.

போன வருஷம் நடவு நேரத்தில் அடுத்த படம் பிடித்தேன். வடக்கனந்தலில் அப்பா குத்தகைக்கு எடுத்திருக்கும் நிலத்தில் ஏழு பெண்கள் நடவுக்கு வந்திருந்தார்கள். நடவு நடுகிறவர்கள் பின்பக்கமாகவே நகர்ந்து போவார்கள். சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சிதான், அன்றைக்கு வரப்பில் நின்று பார்த்தபோது அது கவிதையாக வந்தது.

முகம் சேற்றைப் பார்க்க
பின்னால் பின்னால் போகிறோம்.
விட்டுவந்த இடமெல்லாம் பச்சை.
யார் நட்டது என்று கேட்டால்
எங்கள் கைகளைக் காட்டுங்கள்.

நடுவில் இன்னும் சில வரிகள் உண்டு. நல்ல கவிதை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டு காலைகளில் படமும் எடுத்து முடித்தேன். முகம் ஒன்றுகூட வரக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். முகம் வந்தால் இவள் யார், இவள் புருஷன் என்ன செய்கிறான் என்று பார்க்கிறவர்கள் கதை தேடப் போய்விடுவார்கள். அதனால் கைகளை எடுத்தேன், வளைந்த முதுகுகளை எடுத்தேன், சேற்றுக்குள் புதைந்து எழும் கால்களை எடுத்தேன்.

கவிதையைச் சொல்ல அந்த ஏழு பேரில் ஒருவரையே பிடித்தேன். நடவுக்கு வருகிறவர்கள் சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். அவருடையது பச்சைச் சட்டை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது நான் நிறுத்தாத இடங்களில் நிறுத்தினார், அந்த நிறுத்தங்களால் கவிதைக்கு மூச்சு வந்தது. மோட்டார் கொட்டகைக்குள் ஒரு போர்வையைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தேன்.

வெள்ளிமலையில் வேலை பார்க்கும் இரண்டு ஆசிரியர்கள் என் சிநேகிதிகள். கவிதைப் படங்களை மட்டும் வைத்து ஒரு ஞாயிறு காலையில் திரையிடல் நடத்த ஏற்பாடு செய்திருந்தார்கள். என் படத்தைப் பார்த்துவிட்டு, இதைத்தான் கடைசியாகப் போட வேண்டும் என்றார்கள். கடைசி இடம் என்பது மரியாதை. எனக்குத் தலைகால் புரியவில்லை. திரையிடலுக்குப் பத்து நாள் இருந்தது.

அதற்கு முன்னால் அந்த ஏழு பேருக்கும் காட்டிவிட வேண்டும் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனேன். அவர்கள் களையெடுக்க வந்திருந்தார்கள், மதியச் சோறு முடிந்த நேரம். வெளியே வெயிலில் திரை தெரியாது என்று எல்லோரும் மோட்டார் கொட்டகைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். படம் ஓடி முடிந்தது. நான் பாராட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

"அவ்ளோதானா?" என்றார் ஒருவர்.

"எங்க மூஞ்சி எங்க?" என்றார் இன்னொருவர். "ரெண்டு நாளு எடுத்தியே, ஒரு மூஞ்சியும் வுழலியா?"

நான் விளக்கினேன். முகம் வந்தால் கதையாகிவிடும், இது கவிதை, கைகள்தான் முக்கியம் என்றெல்லாம் சொன்னேன். சிரித்துக்கொண்டே ஒருவர் தன் கையைத் தூக்கி மற்றவர்களிடம் காட்டி, படத்தில் வந்தது இது இல்லை, உன் கை என்று சண்டைக்குப் போனார். எந்தக் கை யாருடையது என்று அவர்களுக்கே தெரியவில்லை. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"நான் சேறுன்னு படிச்சா சேறு வருது. கைன்னு படிச்சா கை வருது. ரெண்டு தபா எதுக்குப் பாப்பா?"

எனக்குச் சுருக்கென்றது. மயிலை மாப்பிள்ளை தோளில் உட்கார வைத்தவள் நான்தான். அதே வேலையை இங்கேயும் செய்திருக்கிறேன், கலை என்று வேறு சொல்லிக்கொண்டு. ஆனால் அந்த நேரத்தில் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. உங்களுக்கு இது புரியாது அக்கா என்று சொல்லிவிட்டேன்.

"எது புரியாது?" என்றார். குரல் ஏறவில்லை. "உங்க அண்ணன் கல்யாணத்துல ரெண்டு நாளு நான்தான் பாத்திரம் தேச்சேன். அப்புறம் உங்க வூட்ல அந்த கேசட்டு போட்டீங்க இல்ல, நானும் எங்கம்மாவும் ஜன்னலாண்ட நின்னுக்கினு முழுசும் பாத்தோம். இதோ வருவ, இதோ வருவன்னு எங்கம்மா சொல்லிக்கினே இருந்துச்சி. கடைசி வரைக்கும் நான் வரல. நான் கழுவுன அண்டாதான் வந்துச்சி. இப்பவும் கைதான் வருது."

அவர் எழுந்து சேலையைச் செருகிக்கொண்டார்.

"மூஞ்சி வரலன்னா என் கொரலும் வேணாம். எடுத்துடு. ஒன் கொரலயே போட்டுக்க."

கோபம் மூக்கு நுனியில் நிற்க, வண்டியை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி திரும்பினேன். என் படம், என் கவிதை, நானே சொல்லிக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தேன். மூன்று நாள் பதிவு செய்தேன். உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. கேட்டுப் பார்த்தால் செய்தி வாசிப்பது போல இருந்தது. நடவு நடுகிற பெண்கள் நாங்கள் என்று நான் சொல்வதை என் காதே நம்பவில்லை. படம் செத்துப்போயிருந்தது.

நாலாம் நாள் காலையில் பழைய ஹார்டுடிஸ்கை எடுத்தேன். அண்ணன் கல்யாணம் நடந்தபோது நான் கல்லூரி மாணவி, ஒரு ஸ்டுடியோவில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். பந்தி, சமையல், வந்து போகிறவர்கள் என்று இரண்டாவது கேமராவை என் கையில் கொடுத்திருந்தார்கள். நான் முதன்முதலாக எடிட் செய்ததும் அந்த வீடியோவைத்தான். வேண்டாம் என்று ஒதுக்கிய காட்சிகளைக்கூட அழிக்காமல் தனியே போட்டு வைத்திருந்தேன், முதல் வேலை என்கிற பாசத்தில். அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டினேன்.

மதியம் தாண்டி அவர் கிடைத்தார். மண்டபத்துப் பின்பக்கம், குழாயடி. ஒரு பெரிய அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். "அக்கா, இங்க பாருங்க" என்று ஒரு குரல் கூப்பிடுகிறது. நிமிர்ந்து பார்க்கிறார். கேமரா என்று தெரிந்ததும் மணிக்கட்டால் முடியை ஒதுக்கிக்கொள்கிறார், ஈரக்கையை இடுப்பில் துடைக்கிறார், நேராகப் பார்த்துச் சிரிக்கிறார். ஒன்பது விநாடி. கூப்பிட்ட குரல் என்னுடையது.

வெட்கமாக இருந்தது. கூப்பிட்டு நிமிர வைத்தவளும் நான்தான், பிறகு வெட்டி எறிந்தவளும் நான்தான். பந்தியில் உட்கார்ந்திருந்த ஆட்கள் அத்தனை பேரையும் ஒருவர் விடாமல் வைத்திருந்தேன். அண்டாவைக்கூட வைத்திருந்தேன்.

மறுநாள் காலை வேலை தொடங்கும் முன்பே வயலுக்குப் போனேன். காட்சி கிடைத்ததைச் சொல்லவில்லை. "ஏழு பேர் மூஞ்சியும் வரும், உங்க கொரல குடுங்கக்கா" என்றேன்.

அக்கா மற்றவர்களைப் பார்த்தார். ஒரு சின்ன மாநாடு நடந்தது.

"சட்டயெல்லாம் போட்டுக்கினு வர மாட்டோம்," என்றார் திரும்பி வந்து. "நல்ல சேல கட்டிக்கினுதான் வருவோம். சம்மதம்னா சொல்லு."

நடவு வயலில் பட்டுச்சேலையா என்று வாய் வரை வந்துவிட்டது. அதை விழுங்கும்போதுதான் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. குரல் சேறு என்று சொல்லும், படத்தில் சரிகை மின்னும். கைகளைக் காட்டுங்கள் என்று குரல் சொல்லும், படத்தில் முகம் நிற்கும். என் சட்டத்தை நானே மீறியிருந்தேன், அவர்கள் சேலைப் பிடிவாதத்தில் அதை நிமிர்த்தி வைத்துவிட்டார்கள். சம்மதம் என்றேன். சத்தமாகவே சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, தூரத்தில் அப்பா திரும்பிப் பார்த்தார்.

அடுத்த நாள் விடிந்து வெயில் ஏறும் முன் ஏழு பேரும் வரப்பில் வரிசையாக வந்து நின்றார்கள். தலையில் கனகாம்பரம், முகத்தில் தாராளமாகப் பவுடர். கல்யாண வீடியோவுக்கு நிற்கிற மாதிரியே கைகளைத் தொங்கவிட்டு, விறைப்பாக, கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு. சிரியுங்கள் என்று சொல்லவில்லை, அசையாதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் முப்பது விநாடி கொடுத்தேன். பின்னால் அவர்களே நட்ட நாற்று பச்சை பிடித்து நின்றது. பழைய கைகளையும் முதுகுகளையும் மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டு, இந்த முகங்களை அக்காவின் குரலுக்குக் கீழே வைத்தேன். குரல் நின்ற பிறகு, கடைசியில், அந்த ஒன்பது விநாடி. அதில் என் குரலை வெட்டிவிடலாமா என்று விரல் போனது. வெட்டவில்லை.

நான் எடுத்ததில் இதுதான் நல்ல படம். இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்சில் எட்டுப் பேரும் வெள்ளிமலைக்கு ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு பேருக்குத் தலை சுற்றியது, கையில் கொண்டுவந்த எலுமிச்சம்பழம் வரிசையாகக் கை மாறியது. பள்ளிக்கூட ஹாலில் ஜன்னல்களுக்கெல்லாம் படுக்கை விரிப்புகளைக் கட்டியிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஓடிய படங்களுக்கு என் ஆட்கள் அபிப்பிராயம் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஒரு படத்தில் வெறும் புகையாகவே வந்தபோது, "அடுப்ப ஊதுங்கடி" என்று ஒருவர் சொல்ல, ஹாலே சிரித்தது. அந்தப் படத்தை எடுத்தவரும் சிரித்தார், நல்ல மனுஷர்.

கடைசியாக எங்கள் படம். அக்காவின் குரல் சேறு என்றது, திரையில் ஊதாப் பட்டு. பின்னால் பின்னால் போகிறோம் என்றது, ஒரு முகம் அசையாமல் எங்களையே பார்த்தது. தன் முகம் வரும்போதெல்லாம் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரை இடித்தார்கள். ஏழாவதாக அக்கா வந்தார், அவர் யாரையும் இடிக்கவில்லை. திருப்திதான் என்று முகத்தில் தெரிந்தது. எங்கள் கைகளைக் காட்டுங்கள் என்று குரல் முடிந்தது. ஹாலில் கைதட்டத் தொடங்கினார்கள்.

அப்போது குழாயடி வந்தது. தண்ணீர் விழும் சத்தம். அக்கா, இங்க பாருங்க.

பக்கத்தில் இருந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். நாற்று பிடித்துப் பழகிய கை, வலித்தது. திரையில் அவர் முடியை ஒதுக்கி, கையைத் துடைத்து, சிரித்தார். எவ்வளவு சின்ன வயது அப்போது அவருக்கு. அவருடைய அம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது.

"வந்துட்டேம்மா," என்றார். என்னிடம் சொல்லவில்லை.

என் சட்டப்படி அது தப்பு. படத்தில் அவர் வருகிறார், சொல்லும் அதையேதான் சொல்கிறது. ரெண்டு தபா. நான் வாயைத் திறக்கவில்லை.